தொடக்கக்காரர்கள் எந்த ஜிக், எந்த ஸ்லிப் ஜிக்கில் ஆரம்பிக்கலாம்?

தகரவிசில் (டப்ளின்)

வணக்கம். டின் விசில் என்ற சின்ன ஐரிஷ் ஊதுகுழலைக் கையில் எடுத்து ஏழு மாதம் ஆகிறது. மகளை ஐரிஷ் நடன வகுப்பில் விட்டுவிட்டு வாரம் ஒரு மணி நேரம் வெளியே காரில் காத்திருந்தபோது தொற்றிக்கொண்ட வியாதி இது. இப்போது மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம். நான் விசில், ஒரு நண்பர் ஃபிடில் (ஊரில் கர்நாடக வயலின் படித்தவர்), இன்னொருவர் கிடார். ஞாயிறு மாலை எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் கச்சேரி. பக்கத்துப் பப்பில் புதன்கிழமைதோறும் தொடக்கக்காரர்களுக்காக மெதுவான செஷன் (எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து வாசிப்பது) ஒன்று நடக்கிறது. அங்கே போய்க் கூச்சமில்லாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஜிக், ஸ்லிப் ஜிக் இரண்டும் ஐரிஷ் நடன மெட்டு வகைகள். இணையத்தில் 'சுலபமான ஜிக்' என்று தேடினால் ஆளாளுக்கு ஐம்பது பெயர் தருகிறார்கள். அப்படி ஒரு பட்டியலில் முதலில் இருந்த 'ஐரிஷ் வாஷர்வுமன்' என்ற ஜிக்கை மூன்று வாரம் உயிரைக் கொடுத்துப் பழகிக்கொண்டு போன மாதம் செஷனில் ஆரம்பித்தேன். இரண்டு பேர் மரியாதைக்குச் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பெரியவர் அந்த நேரம் பார்த்து எழுந்து பியர் வாங்கப் போய்விட்டார்.

ஆறு மாதத்துக்குள் ஐந்தாறு ஜிக், இரண்டு ஸ்லிப் ஜிக் போதும். மகள் ஸ்லிப் ஜிக் ஆடத் தொடங்கியிருப்பதால் அது கட்டாயம் வேண்டும். எதை எடுக்கலாம்?

மூன்றாம்கம்பி (கார்க்)

பியர் வாங்கப் போனவர் என் நண்பராகத்தான் இருக்க வேண்டும் :) வாஷர்வுமன் உலகத்துக்கே தெரிந்த மெட்டு. அதனாலேயே செஷன்காரர்களுக்கு அது சலித்துப்போய்விட்டது. சுலபமும் கிடையாது. முதல் பகுதி முழுக்க ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். காதுக்குப் பழகிய மெட்டு என்பதால் விரலுக்கும் பழகியது என்று நினைத்துவிடுகிறோம்.

நான் சொல்வது இரண்டுதான்: ஸ்வாலோடெயில், கெஷ். உங்கள் ஃபிடில் நண்பருக்காக நம் ஸரிகம பாணியிலேயே எழுதுகிறேன் (காற்புள்ளி என்றால் சுரத்தை ஒரு மாத்திரை நீட்டுவது).

ஸ்வாலோடெயில், இ சுருதி (மேற்கத்திய இ சுரம்தான் ஸ). தொடக்கம்: கஸஸ பஸஸ | கஸஸ பமக. அடுத்தது கீழ் நிஷாதம்: ரிநிநி மநிநி | நிதநி மகரி (இந்தக் கடைசித் துண்டில் நிதநி மட்டும் மேலே). மேற்கில் இதை இ டோரியன் என்பார்கள். நமக்குக் கரகரப்பிரியாவின் சுரங்கள். 'கஸஸ' பிடி பிடித்துவிட்டால் பாதி மெட்டு முடிந்த மாதிரி.

கெஷ், ஜி சுருதி: ஸ,, ஸரிக | ரி,, ரிகப | தபப ஸபப (இந்த ஸ மேல்ஸ்தாயி). நான் வாசிக்கும் வடிவத்தில் மத்தியமமே கிடையாது. நிஷாதம் எப்போதாவது எட்டிப் பார்க்கும். கிட்டத்தட்ட மோகனம். விசில்காரருக்கு இதில் ஒரு லாபம் உண்டு. டி சுருதி விசிலில் சி நேச்சுரல் (ஜி சுருதியில் அதுதான் மத்தியமம்; சி ஷார்ப் அதைவிட அரைச் சுரம் மேலே) எடுக்கத்தான் விரலை ஒரு மாதிரி விட்டுவிட்டு மூட வேண்டும். இந்த மெட்டில் அந்த வம்பே இல்லை.

எட்டேகால் (சென்னை)

நான் மிருதங்கக்காரன். ஐரிஷ் இசை கேட்பதோடு சரி. ஸ்லிப் ஜிக் என்றால் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஜிக் 6/8. தகிட தகிட. ஸ்லிப் ஜிக் 9/8. தகிட தகிட தகிட. அவ்வளவுதான். ஒன்பது என்றதும் நம் ஆட்கள் சங்கீர்ணம் என்று நினைத்துத் தகதிமி தகதகிட போடுவார்கள். அது நாலும் ஐந்தும். இது மூன்று மூன்றாகப் போவது. திஸ்ர நடையில் மூன்று அடி என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

போனஸ் தகவல்: முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் (மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் எழுதிய பாடல்கள்) 'வந்தே மீனாக்ஷி' இருக்கிறதே, அதன் மெட்டு 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற ஐரிஷ் மெட்டு. அந்த மாலோ மூன்றாம்கம்பி சாரின் கார்க் மாவட்டத்து ஊர்.

மூன்றாம்கம்பி

மாலோ வழியாகத்தான் எங்கள் டப்ளின் ரயிலே போகிறது. இந்த மெட்டை ஒருநாள் செஷனில் வாசித்துவிட்டு, இதை எங்கள் ஊரில் சமஸ்கிருதத்தில் பாடுவார்கள் என்றேன். நான் கதை விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். ஆனால் அது ஜிக் இல்லை. இரண்டிரண்டாகப் போகும். இழைக்கு வெளியே, மன்னிக்கவும்.

பழையகுடை (கால்வே)

தம்பி தகரவிசில், இருபத்தாறு வருடமாக மேற்குக் கரையில் இருக்கிறேன். அதில் பதினெட்டு வருடம் மரப் புல்லாங்குழலோடு. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பட்டியல்களைப் பற்றி. சுரம் குறைவாக இருந்தால் சுலபம் என்று நினைத்துத் தயாரித்தவை அவை. ஜிக்கில் சுரத்தின் எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை. டபுள் ஜிக் (வெறுமனே ஜிக் என்றால் பெரும்பாலும் இதுதான்) எதை எடுத்தாலும் அடிக்கு மூன்று சுரம் வந்துகொண்டேதான் இருக்கும். நான் பார்ப்பது மூன்று விஷயம். விசில் இல்லாமல் அந்த மெட்டை முழுதாக முணுமுணுக்க முடிகிறதா? மூச்சு விட இடம் இருக்கிறதா? போய் உட்காரப் போகும் செஷனில் அதை வாசிக்கிறார்களா? மூன்றாவதுதான் முக்கியம். ஒவ்வொரு ஊர் செஷனுக்கும் ஒரு மெட்டுச் சரக்கு உண்டு. இரண்டு புதன்கிழமை விசிலைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய் உட்காருங்கள். திரும்பத் திரும்ப வரும் ஜிக்கின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாதிப் பேருக்குப் பெயரே தெரியாது, அதையும் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள்.

ஸ்வாலோடெயில், கெஷ் இரண்டும் சரியான தேர்வு. கூடவே கனாட்மன்ஸ் ராம்பிள்ஸ், அவுட் ஆன் தி ஓஷன். கனாட்மன்ஸ் டி சுருதியில், விசிலின் சொந்த வீட்டில் இருக்கிறது. முதல் பகுதியில் ஏ சுரம் அடிக்கடி திரும்பி வருவதால் விரலுக்கு ஓர் ஊன்றுகோல் மாதிரி. அவுட் ஆன் தி ஓஷன் ஜி. துவக்கமே கீழ் டி-யிலிருந்து பி-க்கு ஒரே தாவலாக எழும்பும். விசிலில் கீழ் டி-க்கு மெல்ல ஊத வேண்டும், இல்லாவிட்டால் மேல்ஸ்தாயிக்குக் கீச்சிட்டு ஓடிவிடும். அந்த ஒரு மெட்டைப் பழகினாலே மூச்சு அடங்கிவிடும்.

இப்போது தொடக்கூடாதவை. பேனிஷ் மிஸ்ஃபார்ச்சூன் அழகான மெட்டு, எல்லாருக்கும் அதன்மேல் ஆசை வரும். மூன்று பகுதி. சி நேச்சுரலும் சி ஷார்ப்பும் மாறி மாறி வரும். ஆளுக்கு ஒரு வடிவம் வைத்திருப்பார்கள். லார்க் இன் தி மார்னிங் நாலு பகுதி. தனியாக வாசித்தால் ஒவ்வொரு பகுதியும் சுலபம். சேர்த்து வாசிக்கும்போது மூன்றாவதா நான்காவதா என்று தலை சுற்றும். பிளார்னி பில்கிரிமும் மூன்று பகுதிதான், ஆனால் அதை அடுத்த வருடம் எடுக்கலாம்.

ஸ்லிப் ஜிக்குக்குத் தனியாக எழுதுகிறேன். அடுப்பில் பருப்பு.

மாண்டலின்பை (டொராண்டோ)

அக்கா எழுதினது முழுக்கச் சரி. நான் ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்லுறன். கிடார், மாண்டலின், பாஞ்சோ வைத்திருக்கிற ஆட்களுக்கு ஜிக்கில் வலது கைதான் பாடம். மூன்று சுரத்துக்குக் கீழ்-மேல்-கீழ். அடுத்த மூன்றுக்குத் திரும்பவும் கீழ்-மேல்-கீழ். அதாவது ஒவ்வொரு மூன்றின் முடிவிலும் இரண்டு 'கீழ்' அடுத்தடுத்து வரும். கை கேட்காது. கீழ்-மேல்-கீழ்-மேல் என்று ஓடத்தான் பார்க்கும். ஓடவிட்டால் இரண்டாவது கூட்டத்தின் முதல் சுரம் மேலடியில் விழுந்து மெட்டு சப்பென்று போய்விடும். நான் இரண்டு மாதம் மெட்டே இல்லாமல் ஒரே கம்பியில் இதை மட்டும் அடிச்சன். மனுசி வீட்டை விட்டுப் போகப் பார்த்தாள்.

ஸ்லிப் ஜிக்குக்கும் இதேதான், மூன்று முறை.

கிடார்காரத் தம்பிக்கு: ஸ்வாலோடெயிலுக்கு இ மைனர், டி என்று இரண்டே கோர்ட் (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) போதும். நிறைய அடிக்க வேண்டாம்.

எட்டேகால்

கீழ்-மேல்-கீழ் = த-கி-ட. நான் சொன்னதுதான்!

பழையகுடை

எட்டேகால் தம்பி, அங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை :)

தகிட கணக்குக்குச் சரி. ஆனால் அதை அப்படியே வாசித்தால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். நீங்கள் மூன்று எழுத்தையும் ஒரே அளவாகச் சொல்லுவீர்கள், அதுதான் உங்கள் தொழிலின் பெருமை. இங்கே மூன்றில் முதலாவது கொஞ்சம் இழுக்கும், இரண்டாவது சுருங்கும், மூன்றாவது அடுத்த அடிக்குத் தள்ளிவிடும். எவ்வளவு இழுக்கும் என்று எண்ணில் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். ஏட்டில் மூன்றும் சமமாகத்தான் அச்சாகியிருக்கும்.

ஏடு என்றதும் ஞாபகம் வருகிறது. சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓ'நீல் 1903-ல் 1850 மெட்டுகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். 1907-ல் நடன மெட்டுகள் மட்டும் 1001. இன்றும் பல பேர் அதைத்தான் புரட்டுகிறார்கள். கார்க் மாவட்டத்துக்காரர். பிறந்த ஊர் ட்ராலிபேன். அவர் காதில் இருந்த மெட்டுகளை ஏட்டில் ஏற்றியது ஜேம்ஸ் ஓ'நீல் என்ற இன்னொருவர். அந்தப் புத்தகம் எலும்புக்கூடு. சதையைக் காதால்தான் வாங்க வேண்டும்.

தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் மாதிரியே இங்கும் ஒன்று உண்டு, லில்டிங் என்பார்கள். 'டிடில்-டீ டைடில்-டம்' என்று மெட்டையே வாயால் பாடுவது. ஐரிஷ் இசையை வளர்க்கும் கோல்டஸ் அமைப்பு (1951-ல் தொடங்கியது) நடத்தும் ஃப்ளா என்ற இசை விழாவில் அதற்கென்றே போட்டி வைக்கிறார்கள். தம்பி, விசிலை எடுக்கும் முன்னால் இரண்டு நாள் மெட்டை லில்ட் செய்யுங்கள். கார் ஓட்டும்போது செய்யலாம், யாருக்கும் கேட்காது.

எட்டேகால்

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. நேற்று இரவு நீங்கள் சொன்ன மாதிரி 'தா-கிட' என்று இழுத்துப் பார்த்தேன். மனைவி, 'என்ன, தவில்காரர் தூங்கி வழிகிற மாதிரி இருக்கே' என்றாள். இன்னும் பழக வேண்டும்.

ஆட்டுத்தோல் (லண்டன்)

நான் பௌரான் (ஐரிஷ் தோல் மேளம்) வாசிப்பவன். இந்த ஊரில் மேளக்காரனுக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கெல்லாம் தெரியும், அதனால் பணிவோடு ஒரு அனுபவம்.

முதல் வருடம், ஒரு செஷன். யாரோ பட்டர்ஃபிளை என்ற மெட்டைத் தொடங்கினார்கள். நான் ஜிக் என்று நினைத்து ஆறாறாக அடித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் தப்பாகத் தெரியவில்லை. மெட்டு முடிந்ததும் பக்கத்தில் இருந்த அம்மா என் முழங்கையைத் தொட்டு, 'கண்ணா, அது ஸ்லிப் ஜிக்' என்றார். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. ஆறை மூன்று முறை வைத்தால் பதினெட்டு. ஒன்பதை இரண்டு முறை வைத்தாலும் பதினெட்டு. இரண்டு பாருக்கு (பார் என்பது ஒரு தாளச் சுற்று) ஒரு தடவை நான் தானாகவே சரியான இடத்தில் வந்து விழுந்துகொண்டிருந்தேன்! நடுவில் அழுத்தம் மட்டும் தப்பான அடியில் போயிருக்கிறது. அடி விலகாததால் தப்பு காதில் விழாது. கேட்பவர்களுக்குச் செருப்பில் கல் மாட்டின மாதிரி இருந்திருக்கும்.

அதனால் ஸ்லிப் ஜிக் பழகும்போது காலால் மூன்றையும் தட்டுங்கள், முதல் அடியை மட்டும் கொஞ்சம் ஊன்றி. வெறும் காலில், மரத் தரையில்.

தகரவிசில்

இந்த இழையை அச்செடுத்துச் சமையலறைக் கதவில் ஒட்டப்போகிறேன். பழையகுடை அக்கா, பருப்பு என்ன ஆயிற்று? ஸ்லிப் ஜிக்?

பழையகுடை

பருப்பு அடிப்பிடித்தது. ஸ்லிப் ஜிக்குக்கு வருகிறேன்.

என் முதல் தேர்வு பட்டர்ஃபிளைதான். இதற்கு எதிராக யாராவது வரிந்து கட்டுவார்கள் என்று தெரியும். டப்ளின் ஃபிடில்காரர் டாமி பாட்ஸோடு (1912–1988) சேர்த்துச் சொல்லும் மெட்டு இது. இ மைனர். தொடக்கம் ப,ஸ க,ஸ ரி,, என்று போகும். பாருங்கள், ஒன்பதில் நாலு இடம் வெறும் இழுப்பு. விரலுக்கு ஓய்வு, மூச்சுக்கு இடம், மூன்றாவது அடி முழுதும் ஒரே சுரம். ஒன்பதின் வடிவம் காதில் பதிய இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. நான் வாசிக்கும் வடிவத்தில் தைவதமும் கிடையாது, அதாவது சி நேச்சுரலா ஷார்ப்பா என்ற கேள்வியே எழாது. மூன்று பகுதி என்றாலும் ஒவ்வொன்றும் நாலே பார்.

இரண்டாவதற்கு ஃபிக் ஃபார் எ கிஸ். இதுவும் இ-யில்தான் நிற்கும், இரண்டே பகுதி. பட்டர்ஃபிளையைவிடச் சுரம் அடர்த்தி, அதனால் அது விரலில் ஏறிய பிறகு.

கிட் ஆன் தி மவுன்டன் ஐந்து பகுதி. ஃபாக்ஸ்ஹன்டர்ஸும் நீளம். இரண்டையும் இப்போது கேட்க மட்டும் செய்யுங்கள்.

மூன்றாம்கம்பி

வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிட்டேன் அக்கா.

பட்டர்ஃபிளை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தொடக்கக்காரர்கள் அதை வாசிக்கும் விதம் இருக்கிறதே! சோக கீதம் மாதிரி இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு. மைனர் சுருதி என்றதும் எல்லாருக்கும் மனசு கனத்துவிடுகிறது. ஸ்லிப் ஜிக் ஆடுவதற்கு ஆன மெட்டு. மென்மையான காலணி போட்டுக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் ஆடுவது. போட்டி மேடையில் ஸ்லிப் ஜிக்குக்கு மெட்ரோனோம் (நிமிடத்துக்கு இத்தனை அடி என்று தட்டும் கருவி) 113 வைப்பார்கள். தடித்த காலணி போட்டு ஆடும் டிரெபிள் ஜிக்குக்கு 73. உங்கள் மகளைச் சமையலறையில் ஆடச் சொல்லிவிட்டு வாசியுங்கள். 113 இப்போதைக்கு வேண்டாம், ஆனால் அவள் காற்றில் தொங்க வேண்டிய நிலை வந்தால் நீங்கள் ரொம்ப மெதுவாகப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

நான் முதலில் பழகியது ராக்கி ரோட் டு டப்ளின். அதுவும் ஸ்லிப் ஜிக்தான். பாட்டாகவே தெரியும், லூக் கெல்லி டப்ளினர்ஸ் குழுவோடு பாடியதை எத்தனை தடவை கேட்டிருப்போம். மெட்டு ஏற்கெனவே தலைக்குள் இருந்தது, விரல் தேடிப் போய்ச் சேர்ந்தது. அக்கா சொன்ன முதல் விதி, முணுமுணுக்க முடிகிறதா என்பது, அதன்படி இதுதான் முதலிடம்.

பழையகுடை

அது பாட்டாகத் தெரிவதுதான் அதன் ஆபத்து. பாடகர் வார்த்தைக்காக நீட்டுகிற இடத்திலெல்லாம் நீங்களும் நீட்டுவீர்கள். செஷனில் அது ஓடாது. பப்பில் அதைத் தொடங்கினால் பார் பக்கமிருந்து நாலு பேர் பாட வந்துவிடுவார்கள், அப்புறம் உங்கள் விசில் யாருக்குக் கேட்கப் போகிறது?

மெதுவாக இழுப்பது பற்றி நீங்கள் சொன்னது உண்மை. குழந்தையை ஆடவிடும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

மாண்டலின்பை

வேகத்தைப் பற்றி ஒன்று. கெஷ் என்றதும் எல்லாரும் போத்தி பேண்ட் என்ற ஐரிஷ் குழுவைக் கேட்பார்கள். 1975-ல் வந்த அவர்களின் முதல் இசைத்தட்டு கெஷ் ஜிக்கோடுதான் தொடங்கும். அதற்கடுத்து வரும் 'கிவ் அஸ் எ டிரிங்க் ஆஃப் வாட்டர்' ஒரு ஸ்லிப் ஜிக். ஆறிலிருந்து ஒன்பதுக்கு அவர்கள் மாறுகிற இடத்தை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறன், இன்னும் மயிர் கூச்செறியும். கேளுங்கோ. ஆனால் அந்த வேகத்தில் வாசிக்கப் பார்க்காதையுங்கோ. கெஷ் சுலபம் என்பதாலேயே எல்லாரும் அதை ஓட்டித் தள்ளுகினம்.

ஆட்டுத்தோல்

டபுள் ஜிக்கிலேயே தொடங்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? சிங்கிள் ஜிக் ஒன்றில் ஆரம்பிக்கலாமே. ஆஃப் ஷீ கோஸ் டி சுருதியில் க,ப ம,த என்று போகும். நெடில் குறில், நெடில் குறில். அடிக்கு இரண்டே சுரம். குழந்தைகூடத் தாளம் பிடித்துவிடும். ரோட் டு லிஸ்டூன்வார்னாவும் அந்த மாதிரி நடைதான், அதைக் கெர்ரி, கார்க் பக்கத்து ஸ்லைடு என்னும் நடன மெட்டுகளோடு சேர்த்து வைப்பார்கள்.

பழையகுடை

நல்ல யோசனை. எனக்குத் தோன்றாமல் போனது வெட்கம். 'நெடில் குறில்' என்று சொன்னீர்களே, நான் இத்தனை நேரம் மூன்றில் முதலாவது இழுக்கும் என்று அளந்ததற்கு அதுதான் வேர். அந்த நடை காலில் ஏறிய பிறகு நடுச் சுரத்தை உள்ளே நுழைத்தால் டபுள் ஜிக் தானாக வரும்.

தகரவிசில்

ஃபிடில் நண்பருக்காக ஒரு கேள்வி. அவர் பத்து வருடம் படித்தவர், சுரம் கேட்டவுடன் பிடித்துவிடுகிறார். ஆனால் அவர் வாசித்தால் ஸ்வாலோடெயில் கரகரப்பிரியா ஆலாபனை மாதிரி கேட்கிறது. சொல்லவும் கஷ்டமாக இருக்கிறது.

மூன்றாம்கம்பி

அது என் கதை. பதினொரு வருடம் தரையில் உட்கார்ந்து, வயலினின் ஸ்க்ரோலை (தலைச் சுருளை) கணுக்காலில் வைத்து வாசித்துவிட்டு வந்தவன். நாலு இடம் மாற்ற வேண்டியிருந்தது.

கம்பிச் சுருதி. நம் ஸ-ப-ஸ-ப வேலைக்கு ஆகாது. ஜி, டி, ஏ, இ என்று ஐந்தாம் சுர இடைவெளியில் மாற்றியாக வேண்டும். விரல்கள் ஒரு வாரம் திகைக்கும். அடுத்தது சுண்டுவிரல். நாம் சறுக்கியே மேலே போய்ப் பழகியதால் அது சும்மா உட்கார்ந்திருக்கும். கெஷ் இரண்டாம் பகுதியின் கடைசியில் மேல் பி வரும். இ கம்பியில் அது சுண்டுவிரலுக்கு. கையை நகர்த்தாமல் எட்ட வேண்டும்.

கமகம்தான் பெரிய வேலை. இங்கே அசைவு சுரத்துக்குள் இல்லை, சுரத்துக்கு முன்னால் ஒரு சிமிட்டல். 'கட்' என்று சொல்வார்கள். மேல் விரல் ஒன்று பட்டும் படாமலும் தொட்டுவிட்டு வரும். அது ஒலியாகவே கேட்கக்கூடாது, இரண்டு ஒரே சுரங்களைப் பிரிக்கிற ஒரு 'டிக்' மட்டும் கேட்டால் போதும். ஸ்வாலோடெயிலின் 'கஸஸ'வில் இரண்டு ஸ அடுத்தடுத்து வருகிறதே, அந்த நடுவில்தான் போட வேண்டும். விசிலிலும் அதே இடம்தான், நாக்கால் 'த' சொல்லிப் பிரிக்காமல் விரலால் பிரியுங்கள். முதல் இரண்டு மாதம் வேறு எந்த அலங்காரமும் வேண்டாம்.

நாலாவது, வில். நம் வில் ஒரே இழுப்பில் ஒரு சங்கதியையே முடித்துவிடும். இங்கே வில்தான் தாளம். அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். மெட்டை அவரும் நீங்களும் ஒரே சமயத்தில் லில்ட் செய்யுங்கள், வாயில் கமகம் வராது.

மாண்டலின்பை

மாரிசன்ஸைப் பற்றி யாரும் பேசவில்லையே? எல்லாப் பட்டியலிலும் இருக்குமே.

பழையகுடை

வேண்டுமென்றேதான் விட்டேன். ஸ்லைகோவிலிருந்து நியூயார்க் போன ஃபிடில்காரர் ஜேம்ஸ் மாரிசனின் பெயரில் உள்ள மெட்டு. முதல் பகுதி இரண்டு நிமிடத்தில் வந்துவிடும்: ஸ,, ப,, என்று எடுப்பே நின்று நிதானமாக இருக்கும். அதில் மயங்கி எல்லாரும் எடுக்கிறார்கள். இரண்டாம் பகுதி வேறு ஆள் போட்ட மாதிரி மேலே ஓடும். முதல் பகுதியை நிமிர்ந்து வாசித்துவிட்டு இரண்டாம் பகுதியில் எல்லாருடைய முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் விசில்காரர்களை வாரா வாரம் பார்க்கிறேன். ஸ்வாலோடெயில் நன்றாக வந்த பிறகு அதற்கு அடுத்ததாகச் சேர்த்துக்கொள்ளலாம், இரண்டுக்கும் ஒரே சுருதி, கிடாருக்கும் அதே இரண்டு கோர்ட்.

இன்னொன்று. மெட்டுத் தொடங்குவதற்கு முன்னால் எப்படி முடிப்பீர்கள் என்று மூவரும் பேசிக்கொள்ளுங்கள். வழக்கமாக ஒரு மெட்டை மூன்று தடவை வாசித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுவார்கள். மூன்றாவது தடவையின் கடைசி பாரில் ஒருவர் நிமிர்ந்து பார்க்க வேண்டும், அல்லது 'ஹப்' என்று ஒரு சத்தம்.

தகரவிசில் (ஏழு வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பெரிய பட்டியல் ஒன்று போட்டு வைத்திருந்ததைக் கிழித்துப்போட்டேன். இரண்டு புதன்கிழமை விசிலைத் தொடாமல் உட்கார்ந்தேன். பழையகுடை அக்கா சொன்னதுபோல் பெயர் கேட்டேன். 'அதுவா, எங்க அப்பா வாசிப்பார்' என்பதுதான் கிடைத்த பதில்களில் ஒன்று. அங்கே திரும்பத் திரும்ப வந்தவை கெஷ், கனாட்மன்ஸ், ஸ்வாலோடெயில். அந்த மூன்றோடு ஆஃப் ஷீ கோஸைச் சேர்த்தோம். ஆட்டுத்தோல் அண்ணா, அதில்தான் எங்கள் கிடார்காரருக்குக் கண் திறந்தது. மாரிசன்ஸைத் தொடவில்லை.

ஃபிடில் நண்பர் மாறிவிட்டார், முக்கால்வாசி. கனாட்மன்ஸில் மட்டும் அவ்வப்போது ஒரு சங்கராபரணச் சறுக்கல் வந்துவிடுகிறது. போன புதன்கிழமை பக்கத்தில் இருந்த அக்கார்டியன்காரர் அதைக் கேட்டுவிட்டு, 'அது என்ன, திரும்ப வாசியேன்' என்றார். நண்பரால் வாசிக்க முடியவில்லை. வேண்டுமென்று செய்தால் வராதாம்.

பட்டர்ஃபிளையை மகளை ஆடவைத்துத்தான் பழகினேன். முதல் வாரம் அவள் பாதி பாரில் நின்றுவிட்டு, 'அப்பா, நீ வர்ற வரைக்கும் நான் மேலேயே இருக்க முடியாது' என்றாள். இப்போது முதல் இரண்டு பகுதியும் அவள் காலுக்கு ஈடுகொடுக்கிறது. மூன்றாம் பகுதியில்தான் மூச்சு வாங்குகிறது. ப,, ப,ம க,ம என்று வருகிறதே, அங்கே எங்கே மூச்சு எடுப்பது?

பழையகுடை

அந்த முதல் 'ப'வை மூன்று மாத்திரை பிடிக்காதீர்கள். இரண்டோடு விட்டுவிட்டு, மூன்றாவது மாத்திரையில் மூச்சு. கேட்பவர்களுக்கு அது மெட்டின் துள்ளல் என்றுதான் தோன்றும். நாங்கள் எல்லாரும் அங்கேதான் எடுக்கிறோம்.

தகரவிசில்

இப்போதே முயன்று பார்த்தேன். வருகிறது! மகள் தூங்கிவிட்டாள், நாளைக்கு ஆடிப் பார்க்கிறோம்.